மல்லாரிக்கு ஐந்து மதிப்பெண்

"மல்லாரி – சிறுகுறிப்பு வரைக." ஐந்து மதிப்பெண்.

இரண்டாம் வருடத் தேர்வு முடிந்து ஊருக்கு வந்தபோது அந்த வினாத்தாள் சட்டைப்பையில் மடிந்து கிடந்தது. தாத்தா அதை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. "நீயே வாசிடா" என்று திருப்பிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன். மேளகர்த்தா, தாளம், கமகம் என்று வரவர, திண்ணைத் தூணில் சாய்ந்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தவர், சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்திலும் தவிலிலும் வாசிக்கிற மல்லாரி வந்ததும் நிமிர்ந்தார்.

"எழுதினியா?"

"எழுதினேன் தாத்தா."

"எவ்வளவு?"

"அரைப் பக்கம்."

"அதுக்கு என்ன கொடுப்பாங்க?"

"அஞ்சு மார்க்."

வாயில் வெற்றிலை. சிரிக்க முடியாமல் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்து, அப்புறம் நிதானமாகச் சிரித்தார். "அம்பது வருஷமா வாசிக்கிறேன். எனக்கு இன்னும் நாலு மார்க்குதான் தேறும்."

தாத்தா தவில்காரர். மாயவரம் பக்கம் ஒரு கிராமம். பதினோரு வயதில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வித்வான் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ஏழு வருடம் அங்கேயே தங்கிக் கற்றவர். கற்றவர் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். முதல் ஒரு வருடம் கிணற்றில் தண்ணீர் இறைத்ததும், மாட்டுக்குத் தீனி போட்டதும், கச்சேரிக்குப் போகிற இடமெல்லாம் தவிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்ததும்தான். பலா மரத்தில் கடைந்த தவில் லேசான பொருள் இல்லை. துணியையும் பசையையும் சுற்றிக் காயவைத்துச் செய்த விரல்கூடுகளை வலக்கை விரல்களில் மாட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது இரண்டாவது வருடத்தில். அதுவரை மரக்கட்டையில் வெறுங்கையால் சாதகம். ஒரு தாளச் சொல் சரியாக விழவில்லை என்றால் அன்று ராத்திரிச் சாப்பாடு தாமதமாகும். அதைப் பெருமையாகத்தான் சொல்வார். எனக்கு என்னவோ அந்தப் பதினோரு வயதுப் பையனை நினைத்தால் வயிற்றைப் பிசையும்.

என் அப்பா தவிலை விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் நடத்துநரானார். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, வீட்டில் உலை வைப்பது இழுபறியாகும். மாதச் சம்பளம் என்பது எங்கள் வீட்டுக்குப் பெரிய விஷயம். ஆனால் டிக்கெட் பையின் மேல் அவர் விரல் சும்மா இருந்ததே இல்லை. மூன்றாம் தலைமுறையான என்னைத் தாத்தாவிடமே விட்டிருக்கலாம். விடவில்லை. "பையனுக்குக் குரல் இருக்கு, காலேஜ்ல சேர்த்து முறையாப் படிக்க வைப்போம்" என்று 1994-ல் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். முறையாக என்ற சொல்லை அப்பா அழுத்திச் சொன்னார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் இறங்கி ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் அண்ணாமலை நகர். மேற்கே நடராஜர் கோவிலும் நாலு வீதியும், கிழக்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம். எல்லோரும் இன்றைக்கும் ம்யூசிக் காலேஜ் என்றுதான் சொல்வார்கள், துறை என்று சொல்லிக் கேட்டதில்லை. காலையில் உள்ளே நுழைந்தால் ஒரு அறையில் வீணை, அடுத்த அறையில் ஜண்டை வரிசை, எங்கோ மூலையில் மிருதங்கம், வராந்தாக் கடைசியில் நாயனத்துக்குச் சீவாளியை ஈரப்படுத்தி ஊதிப் பார்க்கிற பீப்பி சத்தம். எல்லாம் வேறு வேறு கட்டையில், அதாவது சுருதியில். முதல் வாரம் தலைவலி வந்தது. அப்புறம் அந்தச் சத்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி வந்தது.

முக்கியமான விஷயம் மணி. வகுப்பு தொடங்க ஒரு மணி, முடிய ஒரு மணி. பைரவி ராகத்தில் ஒரு வரியை விரித்து விரித்துப் பாடுகிற நிரவல் நடந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தால் பைரவி நின்றுவிடும். மூன்றாவது பீரியடில் சங்கீத சாஸ்திரம். எங்கள் வீட்டில் யாரும் இசையை மணியடித்து நிறுத்தியதில்லை. நாயனக்காரருக்கு மூச்சு வாங்கும்போதோ, சாமி இருக்கைக்குத் திரும்பும்போதோ தானாக நிற்கும்.

இந்த மணியின் கீழே முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் யார் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பல்கலைக்கழகத்தை நிறுவிய 1929-ஐ ஒட்டியே இசைக் கல்லூரியும் வந்துவிட்டது. அதன் முதல்வராக இருந்த சபேசய்யர், மகா வைத்தியநாதய்யரின் சீடர். முசிறி சுப்பிரமணிய ஐயருக்குக் குரு. கூடவே தஞ்சை பொன்னையா பிள்ளை. சரபோஜி காலத்துத் தஞ்சை அரண்மனையில் ஆடலுக்கும் பாடலுக்கும் இலக்கணம் போட்ட நால்வர், பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்று நாம் படிக்கிறோமே, அவர்களுடைய பரம்பரை. அப்புறம் டைகர் வரதாச்சாரியார், திருவையாற்றில் வாழ்ந்த பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் கற்றவர். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: 1932 டைகர், 1933 பொன்னையா பிள்ளை, 1934 சபேசய்யர். அடுத்தடுத்து மூன்று வருடம், மூவரும் சிதம்பரத்தில் இருக்கிற ஒரே கல்லூரியின் வாத்தியார்கள்.

மூவருமே குருவின் வாசலில் காத்துக் கிடந்து கற்ற தலைமுறை. பாடத்திட்டம் என்று ஒரு தாளை அவர்கள் மாணவப் பருவத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் வருகைப் பதிவேடு எடுத்து, வருடம் இத்தனை வர்ணம், இத்தனை கீர்த்தனை என்று வகுத்து, கடைசியில் சங்கீத பூஷணம் என்று பட்டம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சங்கீதத்தை இப்படிக் கூறு போட்டால் செத்துப்போகும் என்ற பேச்சு அன்றைக்கும் இருந்திருக்கும். இன்றைக்கும் சபா கேண்டீனில் ஒரு காபி வாங்கிக்கொண்டு நின்றால் கேட்கலாம். சாகவில்லை. அங்கே சங்கீத பூஷணம் முடித்த எஸ். ராமநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரை போய்க் கற்பித்தார், சிலப்பதிகார இசையை ஆராய்ந்தார், 1985-ல் அவரும் சங்கீத கலாநிதி ஆனார். பாடவும் செய்வார், ஏன் அப்படிப் பாட வேண்டும் என்று சொல்லவும் செய்வார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். எங்கள் தாத்தாவிடம் முதலாவது மட்டும் இருந்தது. என்னிடம் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. எம். எம். தண்டபாணி தேசிகர். திருச்செங்காட்டங்குடியில் ஓதுவார் குடும்பத்தில் 1908-ல் பிறந்தவர். 1942-ல் ஜெமினி எடுத்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தார். நந்தன் கதை நமக்குத் தெரியும். ஆதனூர்ச் சேரியில் இருந்துகொண்டு தில்லையை, அதாவது சிதம்பரத்தை, பார்க்க நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கியவர். பெரிய புராணம் அவரைத் திருநாளைப்போவார் என்றே அழைக்கிறது. அந்த வேஷம் கட்டிய மனிதர் பத்து வருடம் கழித்து, 1952-ல், அதே தில்லைக்கு இசைத்துறைத் தலைவராக வந்து பதினைந்து வருடம் போல இருந்தார். கோவிலுக்கும் கல்லூரிக்கும் நடுவே ஓடுகிற ரயிலைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும். படத்தில் வந்த நந்தனுக்கு ஒரு நாள் உள்ளே போவதே பெரும்பாடு. தேசிகருக்கு உத்தியோகமே இங்கேதான்.

தேசிகர் வருவதற்கு முன்பே தமிழிசைக்கான மாநாடு 1941-ல் அங்கே கூடியிருந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் பாடுகிற சின்னத் துக்கடாவாக மட்டும் இருந்தால் போதுமா என்ற கேள்வி. சென்னையில் அதற்குப் பெரிய எதிர்ப்பு, பத்திரிகைகளில் மாதக்கணக்கில் சண்டை. அந்தச் சண்டையின் நெளிவுசுளிவெல்லாம் இங்கே வேண்டாம். எனக்குக் கிடைத்த லாபத்தை மட்டும் சொல்கிறேன்: சீர்காழி முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை, ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி, எல்லாரும் சைக்கிள் மிதித்தால் போய்ச் சேரக்கூடிய தூரத்து ஆட்கள். அவர்களை முதல் வருடத்திலேயே பாடமாகப் படித்தேன். என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் எழுதிய பாட்டு ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்தில் இருக்கும் என்று பதினெட்டு வயதில் நான் நினைத்ததில்லை.

சரி, என் வகுப்புக்கு வருகிறேன்.

வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்த சார் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வகுப்பில் பாடத்திட்டத்தைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டார். கீர்த்தனையை ஸ்வரப்படுத்தி எழுதச் சொல்வார், மூன்று முறை பாட வைப்பார், மணி அடித்தால் போய்விடுவார். சுமாரான வாத்தியார் என்றுதான் முதல் வருடம் நினைத்தேன். இரண்டாம் வருடம் ஒரு நாள் சாயங்காலம் சைக்கிள் சாவியை மறந்து திரும்பி வந்தேன். வராந்தாவில் அவர் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், எதிரே நாலு பேர். சுருதிப்பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பாடவில்லை. பத்து நிமிஷம் இருக்கும், யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அவர் தோடி ராகத்தின் காந்தாரத்தை மட்டும் அசைத்தார். அதையே எதிரே இருந்தவர் அசைத்தார். "இல்ல" என்றார். மறுபடி. "இல்ல." இருட்டும்வரை அந்த ஒரே ஸ்வரம்தான். அன்றிலிருந்து நானும் ஐந்தாவது ஆளாகப் போய் உட்கார்ந்தேன். இதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, எந்தப் பதிவேட்டிலும் இது இல்லை. பல்கலைக்கழகத்தில் நான் கற்ற சங்கீதம் பெரும்பாலும் நாலரை மணிக்கு மேல் கற்றதுதான்.

அந்த நாலு பேரில் வயலின் படித்த ஒரு பெண்ணும் இருந்தாள். காட்டுமன்னார்கோவில் பக்கம். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். வீட்டில் எந்த வாத்தியமும் கிடையாது. திருச்சி வானொலியில் கேட்ட வயலின்தான் அவளுக்குத் தெரிந்த சங்கீதம். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் விண்ணப்பப் படிவத்தை வாங்கிக் கொடுத்து, விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். சேர்ந்தபோது அவளுக்கு வில்லைப் பிடிக்கத் தெரியாது. மூன்றாம் வருடம் எங்கள் எல்லோரையும் விட அவள் காந்தாரம்தான் சாருக்குப் பிடித்திருந்தது. இன்று வேறொரு மாவட்டத்தில் பள்ளி ஆசிரியை. மாலையில் வீட்டில் பத்துப் பதினைந்து பிள்ளைகள்.

குருகுலத்தின் வாசனை போச்சே என்று யாராவது நீட்டி முழக்கினால் எனக்கு அவள் முகம்தான் வரும். தாத்தா காலத்தில் எந்த வித்வான் வீட்டுத் திண்ணையில் அவள் போய் உட்கார்ந்திருக்க முடியும்? தண்ணீர் இறைக்கக்கூட அந்தக் கிணற்றடிக்கு விட்டிருப்பார்களா? அவளுக்கு அந்த மணியும் பதிவேடும்தான் கதவைத் திறந்தன. எனக்கு நடந்தது நேர்மாறு. வாத்தியம் தொங்கிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து என்னை வெளியே கூட்டி வந்ததும் அதே மணிதான். நான் பாட்டுக்குப் போனேன், எங்கள் வீட்டில் தவில் நின்றது. ஒரே கட்டிடம், இரண்டு பேர், இரண்டு கணக்கு. கூட்டிக் கழித்தால் எனக்கு அவள் பக்கம்தான் கனமாக இருக்கிறது. அதற்காக என் பக்கத்தை நான் மறந்துவிட முடியாது.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வு அந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டிக் கொடுத்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தோடி கேட்டார். நான் நாலரை மணிக்கு மேல் கற்ற காந்தாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்ததைத் தாத்தா சிறு வயதில் நேரில் கேட்டவர். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்குத் தோடி என்றால் அவசரப்படக் கூடாத ராகம். கண்ணை மூடி மத்திமத்தைத் தொடுவதற்குள் மேஜையில் பேனா தட்டுகிற சத்தம். "நேரமாச்சு தம்பி, இன்னும் பதினாலு பேர் இருக்காங்க. மேல் ஸ்தாயி காட்டிட்டு முடி." பதறி மேலே தாவினேன். சுருதி போனது. ஏணியில் நாலு படியை விட்டுத் தாவினால் எப்படி இருக்கும், அப்படி. மதிப்பெண்ணும் அதற்குத் தக்கபடிதான் வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்னும் பதினாலு பேர் இருந்தார்கள் என்பது உண்மை.

அந்த வருட ஆனித் திருமஞ்சனத்துக்குத் தாத்தா சிதம்பரம் வந்தார். ஒன்பதாம் நாள் தேர். மூலவரே வெளியே வந்து தேரேறுகிற ஊர் அது. பொழுது விடியும் முன்பே கீழவீதியில் கூட்டம் நெரிந்தது. எங்களுக்கு எதுவும் தெரியவில்லை, முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. உள்ளிருந்து மல்லாரி கிளம்பியது.

"என்ன தாளம்?" என்றார்.

நான் விரல் விட ஆரம்பித்தேன். ஏழு தாளம், ஐந்து ஜாதி, ஆக 35. ஐந்து நடையால் பெருக்கினால் 175. அந்தக் கட்டத்தை இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் போட்டுக் காட்டுவேன். நான் கணக்கைப் பிடிப்பதற்குள் வாசிப்பு அடுத்த காலத்துக்கு, அதாவது அடுத்த வேகத்துக்கு, போய்விட்டது. தாத்தா விரலை அசைக்கவே இல்லை.

"தாளத்தை விடு. கண்ணை மூடு. சாமி எங்க வந்திருக்கார், சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். இப்ப தூக்கிட்டாங்க. இப்ப படி இறங்கறாங்க, அதான் நாயனம் இழுத்துப் பிடிக்குது. இப்ப நின்னுட்டாங்க. இந்தா, திரும்புது. அவர் திரும்புது என்று சொல்லி முடித்ததும் முன்னால் நின்ற கூட்டம் கையைத் தலைக்கு மேல் தூக்கியது.

தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று நானும் எழுதியிருந்தேன். ராகம் கம்பீர நாட்டை, சாகித்தியம் இல்லாதது, மூன்று காலங்களில் வாசிக்கப்படுவது. எல்லாம் சரியான விடை. இன்னொன்றையும் சார் எங்களுக்குச் சொல்லியிருந்தார்: சிதம்பரத்திலிருந்து இருபது கிலோமீட்டரில் சீர்காழி, அங்கே சம்பந்தர் குழந்தையாகப் பாடிய முதல் பதிகத்தின் பண் நட்டபாடை, அதை இன்று ஓதுவார்கள் நாட்டையிலும் கம்பீர நாட்டையிலும் பாடுகிறார்கள். சம்பந்தரின் முதல் பாட்டும் சாமி புறப்படும்போது முதலில் எழும் நாயனமும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. இதைத் தாத்தாவிடம் அன்று சொன்னேன். அவருக்கு அது தெரியாது. நடந்துகொண்டிருந்தவர் நின்று, "அப்படியா?" என்றார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னார். அவருக்கு நான் கொடுத்த ஒரே பாடம் அதுதான். ஊருக்குப் போய் எல்லா மேளச் செட்டுக்காரர்களிடமும் "எங்க பையன் காலேஜ்ல படிச்சுட்டு வந்து சொல்றான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று அப்பா பிறகு சொன்னார்.

அவர் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. தவில் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. தோல் வார் வைத்த பழைய தவில். இப்போது எல்லாம் நட்டு போல்ட் போட்ட இரும்பு வளையம். தொப்பிப் பக்கம் எலி கடித்துவிட்டது. விரல்கூடுகள் ஒரு பவுடர் டப்பாவில்.

நான் பாட்டு வாத்தியார் ஆனேன். அரசு இசைப் பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒரு வரியைத் தேடிப் படிப்பேன்: குரலிசைக்கும் வயலினுக்கும் ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள், நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த வரியை எழுதியவருக்குத் தாத்தாவைப் போல யாரையோ தெரிந்திருக்க வேண்டும்.

சில வருடங்களாக விடைத்தாள் திருத்தவும் போகிறேன். போன முறை ஒரு விடைத்தாள் கட்டில் மல்லாரிக் கேள்வி வந்தது. இப்போதும் ஐந்து மதிப்பெண்தான். பெரும்பாலும் எல்லோரும் நான் எழுதிய அதே அரைப் பக்கத்தை எழுதியிருந்தார்கள். வழிகாட்டி நூல் அப்போதும் இப்போதும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரு தாளில் மட்டும் ராகத்தின் பெயர் இல்லை, வகைகள் இல்லை. கோணல் எழுத்தில் மூன்று வரி. சாமி வாசலைத் தாண்டும்போது நாயனம் கொஞ்சம் காத்திருக்கும், தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவார்கள், மாற்றி முடித்ததும் தவில் சொல்லும், அப்புறம்தான் நகர வேண்டும், என்று எழுதி நிறுத்தியிருந்தான்.

விடைக்குறிப்பை இரண்டு முறை பார்த்தேன். ராகத்துக்கு ஒன்று, வகைகளுக்கு இரண்டு, வாசிக்கும் சந்தர்ப்பத்துக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று. பக்கத்து மேஜைக்காரர் கட்டை முடித்து டீ குடிக்கக் கூப்பிட்டார்.

ஒன்று போட்டேன். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்து, அடித்து ஒன்றரை ஆக்கினேன். திருத்திய இடத்தில் கையெழுத்து போட வேண்டும் என்பது விதி. போட்டேன்.